தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு: சிபாப் மாஸ்க் வாங்கப் போகும் முன் இதைப் படியுங்கள்

காரிமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். போன வருடம் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கார் ஓட்டும்போது ஒரு நொடி கண் அசந்துவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் அடித்த ஹாரனில் விழித்தேன். அதன் பிறகுதான் டாக்டர், ஸ்லீப் டெஸ்ட் எல்லாம். கடுமையான ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகும் நோய். தினமும் சிபாப் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சு வழியைத் திறந்து வைக்கும் மெஷின்) போட்டுத்தான் தூங்க வேண்டும் என்றார்கள். மெஷின் வாங்கினேன். அது இன்றுவரை ஒரு தொல்லையும் கொடுத்ததில்லை. என்னைப் பாடாய்ப் படுத்தியது மாஸ்க். சரியான ஒன்று அமைவதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது, மூன்று மாஸ்க் வாங்கிவிட்டேன். நடுவில் இரண்டு மாதம் மெஷினையே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பழையபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

நான் தேடிய வரைக்கும், நாலைந்து மாடல் மாஸ்க்கை எடுத்து வைத்து "போட்டுப் பாருங்க" என்று சொல்லும் கடை நம் இரண்டு ஊரிலும் கிடைக்கவில்லை. சேலம் போக வேண்டும், இல்லாவிட்டால் பெங்களூரு. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கடை அடைப்பு, பஸ் காசு. அதனால் முதல் தடவையே சரியாக வாங்கிவிட என்ன செய்யலாம் என்று வரிசையாக எழுதுகிறேன். டெஸ்ட் முடிந்து, டாக்டர் சிபாப் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

1. காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்

ஸ்லீப் டெஸ்ட் ரிப்போர்ட்டின் முழு நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கச் சுருக்கம் போதாது. அதில் ஏஎச்ஐ என்று ஓர் எண் இருக்கும், ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு. 5 முதல் 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எனக்கு 41. ஆனால் மாஸ்க்குக்கு முக்கியமானது உங்களுக்கு எழுதியிருக்கும் காற்றழுத்தம். பொதுவாகச் சிபாப் மெஷின்கள் 4 முதல் 20 வரை அழுத்தம் கொடுக்கும். 7-இல் கப்பென்று உட்காரும் மாஸ்க் 14-இல் பிய்த்துக்கொண்டு ஊதும். உங்கள் எண் தெரியாமல் மாஸ்க் பார்ப்பது, நிலம் எவ்வளவு என்று சொல்லாமல் யூரியா கேட்பது மாதிரி.

டாக்டர் சீட்டில் மெஷின் பெயரோடு மாஸ்க் வகையையும் எழுதச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை. "மாஸ்க்" என்று மட்டும் இருந்தது. கடைக்காரர் தன்னிடம் இருந்ததைக் கொடுத்துவிட்டார்.

மூக்கடைப்பு இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். மூக்குத் தண்டு வளைவு, தீராத சளி, அலர்ஜி ஏதாவது இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரை ஒரு முறை பார்த்த பிறகு மாஸ்க் வாங்கலாம். நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே இதைக் காட்டிக்கொள்ளலாம், சேலம் வரை போக வேண்டியதில்லை. மூக்கு திறந்திருந்தால் மாஸ்க் விஷயத்தில் பாதி வேலை முடிந்தது.

2. எந்த வகை என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

மூன்று வகை. மூக்குத் துவாரத்தில் இரண்டு சின்ன ரப்பர் குமிழ் மாதிரி உட்காரும் நேசல் பில்லோ. மூக்கை மட்டும் மூடும் நேசல் மாஸ்க். மூக்கு, வாய் இரண்டையும் மூடும் ஃபுல் ஃபேஸ். பெயர்தான் ஃபுல் ஃபேஸ், கண்ணையோ நெற்றியையோ மூடாது.

கடையில் பெரும்பாலும் முதலில் நீட்டுவது ஃபுல் ஃபேஸ்தான். "இது எல்லாருக்கும் செட் ஆகும் சார்" என்பார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். வாயைத் திறந்தாலும் காற்று வெளியே போகாது என்பதால் அவர்களுக்கு நிம்மதி, புகார் வராது என்ற நினைப்பு. ஆனால் முகத்தில் உட்கார வேண்டிய விளிம்பு எவ்வளவு நீளமோ, கசிய அவ்வளவு இடம். மூக்கில் மூச்சு விட முடிகிறவர்கள் நேசல் மாஸ்க்கில் ஆரம்பிப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. டாக்டர் வேறு சொன்னால் டாக்டர் சொன்னதைக் கேளுங்கள்.

வாயைத் திறந்து தூங்குகிறீர்களா என்பது உங்களுக்குத் தெரியாது, வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். என் மனைவி, "வாய் மூடித்தாங்க இருக்கு, மூக்குலதான் டிராக்டர் ஓடுது" என்றாள். இந்த ஒரு வாக்கியத்தை முதலிலேயே கேட்டிருந்தால் எட்டாயிரம் ரூபாய் மிச்சம். காலையில் எழும்போது நாக்கு காய்ந்து ஒட்டிக்கொள்கிறது என்றால் வாய் திறக்கிறது என்று அர்த்தம்.

கம்பெனிப் புத்தகத்தில் அதிகம் இல்லாத, நம் ஆட்களுக்கு வரும் சிக்கல்கள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

மீசை. நேசல் மாஸ்க்கின் கீழ் விளிம்பு சரியாக மேலுதட்டில் உட்காரும். தடிமனான மீசை இருந்தால் அங்கே சிலிக்கான் தோலைத் தொடாது, முடி வழியாகக் காற்று புஸ்ஸென்று போய்க்கொண்டே இருக்கும். எனக்கு இதுதான் இரண்டாவது மாஸ்க்கில் நடந்தது. மீசையை எடுக்க மனசில்லை என்றால் பில்லோ வகை, அல்லது துவாரத்துக்குக் கீழே தொட்டில் மாதிரி தாங்கும் வகையைக் கேளுங்கள். ரெஸ்மெட் கம்பெனியில் பி10 பில்லோ வகை, என்30 தொட்டில் வகை. தாடிக்காரர்களுக்கு ஃபுல் ஃபேஸ் இன்னும் கஷ்டம்.

மூக்குத்தி. பெண்களுக்கு நேசல் மாஸ்க் விளிம்பு மூக்குத்தி மேல் ஏறினால் கசியும், அழுத்திப் புண்ணும் ஆகும். இரவில் கழற்ற முடியுமா, முடியாதா என்று முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கழற்ற மாட்டீர்கள் என்றால் மூக்குத்தியோடு போட்டுப் பாருங்கள்.

பல் செட். இரவில் கழற்றி வைக்கிறவர்கள் கடையிலும் கழற்றிவிட்டுத்தான் மாஸ்க் போட்டுப் பார்க்க வேண்டும். பல் இல்லாதபோது கன்னம் உள்ளே போய்விடும், அளவே மாறும். கூச்சப்படாதீர்கள்.

கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிற பழக்கம் இருந்தால் மூக்குத் தண்டின் மேல் ஏறாத மாடல் நல்லது. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு ட்யூப் உச்சந்தலையில் இணையும் மாடல் வசதி.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். பல மாஸ்க்குகளில் ஸ்ட்ராப் கொக்கியில் காந்தம் இருக்கும். உங்களுக்கோ, பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாயில் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, கண்ணில் உலோகத் துணுக்கு இப்படி ஏதாவது இருந்தால் காந்தம் வைத்த மாஸ்க் வேண்டாம். பிலிப்ஸ் 2022-இலும் ரெஸ்மெட் 2023-இலும் இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டன. காந்தம் இல்லாத கொக்கி உள்ள மாடல்கள் இருக்கின்றன, கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

3. அளவு எடுங்கள்

பெரும்பாலான மாடல்களுக்குக் கம்பெனியின் அளவுத்தாள் உண்டு. மூக்கின் அகலத்துக்கும் நீளத்துக்கும் வெட்டு போட்ட ஒரு பக்கக் காகிதம், அவ்வளவுதான். நெட்டில் எடுத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போடலாம். பிரிண்ட் போடும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்பதை விட்டுவிட்டு, நூறு சதவீதம் என்று வைக்கச் சொல்லுங்கள். எனக்கு அது தெரியாமல் போய், தாள் சுருங்கி அச்சாகி, மீடியம் வேண்டிய மூக்குக்கு லார்ஜ் என்று வந்துவிட்டது. தாளின் ஓரத்தில் ஒரு அளவுகோல் அச்சிட்டிருந்தால் அதைப் பள்ளிக்கூட ஸ்கேலோடு வைத்துச் சரிபாருங்கள்.

ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் மீடியம் ஆகாது. ஒரே கம்பெனியிலேயே மாடல் மாறினால் அளவு மாறும். பில்லோ வகைக்குத் தாள் அவ்வளவு உதவாது, பெரும்பாலும் டப்பாவிலேயே இரண்டு மூன்று அளவுக் குமிழ்கள் இருக்கும். இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால் நேசல் வகையில் சின்னதை முதலில் போட்டுப் பாருங்கள். பெரியதாக இருந்தால் கண்ணுக்குள் காற்று அடிக்கும், காலையில் கண் சிவந்து நிற்கும்.

4. போன் செய்துவிட்டுப் புறப்படுங்கள்

தர்மபுரியிலிருந்து சேலம் 65 கிலோமீட்டர் சுமார். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90. ஓசூர்க்காரர்களுக்கு 40 கிலோமீட்டர்தான், அவர்களுக்குக் கவலை இல்லை. எங்கே போனாலும் முதலில் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: நேசல், பில்லோ இரண்டிலும் எத்தனை மாடல் கையில் இருக்கிறது? படுத்துப் பார்க்க இடம் உண்டா? பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள்? மூன்றாவது கேள்விக்கு "பார்க்கலாம் சார்" என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

மெஷின் டீலர்கள் சிலர் வீட்டுக்கே ஆள் அனுப்புவார்கள். இரண்டு மூன்று மாடல் எடுத்துவரச் சொல்லுங்கள். ஒரே மாடலோடு வந்தால் அது டெலிவரி.

ஆன்லைனில் விலை குறைவு, உண்மைதான். ஆனால் உறை பிரித்த மாஸ்க்கைச் சுகாதாரக் காரணம் சொல்லித் திருப்பி எடுக்க மாட்டார்கள். உங்களுக்குப் பொருந்தும் மாடலும் அளவும் உறுதியாகத் தெரிந்த பிறகு, அடுத்த குஷன் (மாஸ்க்கில் முகத்தோடு ஒட்டும் சிலிக்கான் பகுதி) வாங்க ஆன்லைன் சரி. முதல் மாஸ்க்குக்கு வேண்டாம்.

5. படுத்து, காற்று ஓட, இருபது நிமிடம்

நான் முதல் மாஸ்க்கை நாற்காலியில் உட்கார்ந்தபடி, மெஷின் இல்லாமல், பத்து நிமிடத்தில் வாங்கினேன். உட்கார்ந்திருக்கும்போது முகம் ஒரு மாதிரி, படுத்தால் வேறு மாதிரி. கன்னத் தசை பின்னால் இழுத்துக்கொள்ளும், தாடை இறங்கும். அன்று மத்தியானம் கச்சிதமாக இருந்த மாஸ்க் இரவு பத்து மணிக்குக் கண்ணோரமாக விசில் அடித்தது.

உங்கள் மெஷினை எடுத்துக்கொண்டு போங்கள். பஸ்ஸில் பை சுமப்பது தொல்லைதான், ஆனாலும் எடுத்துப் போங்கள். மாஸ்க்கை மாட்டி, படுத்து, உங்கள் அழுத்தத்தில் ஓட விடுங்கள். மெதுவாக ஏறும் ராம்ப் வசதியை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் குறைந்த அழுத்தத்தில் எல்லாமே நன்றாக இருக்கும்.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குஷனின் விளிம்பில் மெல்லிய சிலிக்கான் உதடு ஒன்று உள்பக்கமாக மடிந்திருக்கும், கிட்டத்தட்ட பலூன் தோல் மாதிரி. காற்று வந்ததும் அது உப்பித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கசிவை அடைப்பது அந்த உதடுதான், ஸ்ட்ராப் இல்லை. ஸ்ட்ராப்பை இறுக்கினால் உதடு நசுங்கி மடிந்துவிடும், காற்று அந்த மடிப்பு வழியாக இன்னும் அதிகமாகப் போகும். நாம் இன்னும் இறுக்குவோம். நான் இப்படி இறுக்கி இறுக்கி மூக்குத் தண்டில் புண்ணே வரவழைத்துக்கொண்டேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "என்ன அண்ணா, கீழே விழுந்துட்டீங்களா?" என்று கேட்டார்கள்.

சரியான முறை இது: ஸ்ட்ராப்பைத் தளர்வாக மாட்டுங்கள். காற்று ஓடும்போதே மாஸ்க்கைப் பிடித்து முகத்திலிருந்து ஒரு விரல் அளவு முன்னால் இழுத்து, மெதுவாக விடுங்கள். உதடு உப்பித் தானாக உட்காரும். பிறகும் கசிந்தால் இரண்டு பக்க ஸ்ட்ராப்பையும் ஒரே அளவாகக் கொஞ்சம் கொஞ்சம் இழுங்கள். ஸ்ட்ராப்புக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். அப்புறம் மல்லாந்து, இடப்பக்கம், வலப்பக்கம் என்று திரும்பிப் படுங்கள். மாஸ்க்கின் முன்னால் சின்னச் சின்னத் துளைகள் வழியாகக் காற்று வரும், அது கசிவு இல்லை, நாம் விடும் மூச்சு வெளியேற வேண்டிய வழி. அதை அடைக்கவே கூடாது. என் மைத்துனர் ஒருவர் டேப் ஒட்டப் பார்த்தார், நல்ல வேளையாகத் தடுத்துவிட்டோம்.

மெஷினில் மாஸ்க் வகை என்று ஒரு செட்டிங் இருந்தால், பில்லோ, நேசல், ஃபுல் ஃபேஸ் எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்க்கை மாற்றிவிட்டு இதை மாற்ற மறந்தால் கசிவுக் கணக்கு தப்பாகக் காட்டும்.

6. காசு

எனக்கு ஆனதைச் சொல்கிறேன், உங்களுக்குக் கூடக் குறைய ஆகலாம். ஃபுல் ஃபேஸ் 8,200. நேசல் 5,800. இப்போது போடும் பில்லோ 6,500. தனியாகக் குஷன் மட்டும் மாற்ற 2,400. மூன்று தடவை போய்வந்த செலவு, கடை அடைத்த நஷ்டம் தனி.

பேரம் பேசலாம். மெஷினோடு சேர்த்து வாங்கும்போதுதான் மாஸ்க் விலை இறங்கும், பிறகு இறங்காது. மெஷினோடு "இலவசமாக" வரும் மாஸ்க் என்றால் எந்த மாடல் என்று கேளுங்கள், விலை வித்தியாசத்தைக் கொடுத்து உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள். ஜிஎஸ்டி பில்லில் மாடல், அளவு இரண்டும் இருக்க வேண்டும். மாற்றித் தருவதாகச் சொன்ன நாள் கணக்கைப் பில்லின் பின்னாலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாயால் சொன்னது சேலத்திலிருந்து தொப்பூர் வருவதற்குள் மறந்துவிடும்.

என் மருத்துவக் காப்பீட்டில் மெஷினும் மாஸ்க்கும் வராது என்று சொல்லிவிட்டார்கள். தனியார் பாலிசிகளில் பெரும்பாலும் இதே கதைதான். வாங்கும் முன் ஒரு மெயில் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியர் என்றால் சிஜிஎச்எஸ் என்ற மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தில் முன்அனுமதி பெற்று வாங்க வழி இருக்கிறது. வாங்கிவிட்டு விண்ணப்பிக்காதீர்கள்.

7. முதல் மூன்று வாரம்

முதல் நாளே எட்டு மணி நேரம் என்று உட்காராதீர்கள். சாயந்தரம் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு விழித்திருங்கள். மூன்று நாள் அப்படி. பிறகு இரவில். நடுராத்திரி தூக்கத்தில் கழற்றி எறிந்தால் பரவாயில்லை, திரும்ப மாட்டிக்கொண்டு படுங்கள். நேசல் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து பேசினால் காற்று வாய் வழியாகக் கொட்டும், பயப்பட வேண்டாம், வாயை மூடினால் சரியாகிவிடும்.

காலையில் மெஷின் திரையிலோ ஆப்பிலோ கசிவைப் பாருங்கள். ரெஸ்மெட் மெஷின்களில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்குள் இருந்தால் சரி. கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். ஃபுல் ஃபேஸில் அதற்கென்று வால்வு இருக்கிறது, வெளிக்காற்று உள்ளே வரும். வீட்டு இன்வர்ட்டரில் மெஷின் ஓடும், ஹ்யூமிடிஃபையர் (காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டி) சூட்டைக் குறைத்து வைத்தால் பேட்டரி தாங்கும்.

மார்கழி, தை மாதத்தில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு ட்யூபில் தண்ணீர் கோத்து மூக்கில் தெறிக்கும். தூக்கத்தில் யாரோ தண்ணீர் தெளித்த மாதிரி இருக்கும். ஈரப்பத அளவைக் குறையுங்கள், ட்யூபைப் போர்வைக்குள் விட்டுக்கொள்ளுங்கள், மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வையுங்கள்.

8. கழுவுவது, தண்ணீர்

முகத்தில் எண்ணெய் இருந்தால் எந்த மாஸ்க்கும் வழுக்கும். படுக்கப் போகும்முன் முகம் கழுவுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்தால் ஸ்ட்ராப் எண்ணெய் குடித்துத் தொளதொளத்துவிடும். குஷனைத் தினமும் காலையில் வெதுவெதுப்பான நீரில், வாசனை இல்லாத மென்மையான சோப்பில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஸ்ட்ராப் வாரம் ஒரு முறை. டெட்டால், ஸ்பிரிட், வெயில் எதுவும் வேண்டாம், சிலிக்கான் கெட்டுவிடும்.

ஹ்யூமிடிஃபையரில் நம் போர்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். இந்த இரண்டு மாவட்டத் தண்ணீரும் எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஃப்ளோரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. நான் ஒரு வாரம் ஊற்றினேன், தொட்டியின் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் படலம் கட்டிவிட்டது. மருந்துக்கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேளுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வேண்டாம், அது மூச்சில் போகிற சமாச்சாரத்துக்கு விற்கிறது இல்லை.

9. பொருந்திய மாஸ்க் திடீரென்று கசிந்தால்

முதலில் குஷனை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மஞ்சள் பூத்து, உதடு தொளதொளத்திருந்தால் மாற்றும் நேரம். மாஸ்க் முழுவதையும் மாற்ற வேண்டாம், குஷன் போதும். உடம்பு ஐந்தாறு கிலோ இளைத்தாலும் ஏறினாலும் முகம் மாறும், அளவு மறுபடி எடுங்கள். தீர்த்தமலைக்கோ பழனிக்கோ போய் மொட்டை போட்டுவிட்டு வந்தால் அன்றிரவு ஸ்ட்ராப் வழுக்கும். பதறிப்போய் புது மாஸ்க் வாங்க வேண்டாம், ஸ்ட்ராப்பை ஒரு சுற்று குறையுங்கள், முடி வளர வளரத் தளர்த்துங்கள்.

மூன்று வாரம் ஒழுங்காகப் போட்டும் பகலில் தூக்கம் கண்ணைச் சுழற்றினால் அது மாஸ்க் பிரச்சினையாக இல்லாமல் அழுத்தப் பிரச்சினையாக இருக்கலாம். மெஷினிலிருந்து ரிப்போர்ட் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். நீங்களாக அழுத்தத்தை மாற்றாதீர்கள்.

வேண்டாம் என்று ஒதுக்கிய மாஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். எனக்கு ஐப்பசி மழையில் சளி பிடித்து மூக்கு இரண்டும் அடைத்துக்கொண்ட நாலு ராத்திரி, பில்லோவைப் போடவே முடியவில்லை. அந்த எட்டாயிரத்து இருநூறு ரூபாய் ஃபுல் ஃபேஸை அலமாரியிலிருந்து எடுத்து, ஸ்ட்ராப்பைத் தளர்வாக விட்டுப் போட்டேன். கசியவில்லை.